மழைக்காட்டில் நான் சொன்ன சிங்களம்

சவுக்காரத்தையும் கல்லுப்பையும் குழைத்து முழங்கால் வரை பூசினால் முதலில் குளிரும், கொஞ்ச நேரத்தில் தோலை இழுத்துப் பிடிக்கும், வியர்த்துவிட்டாலோ காலில் இருக்கிற சின்னச் சின்னக் கீறலெல்லாம் சேர்ந்து எரிய ஆரம்பிக்கும். கொழுந்து பறிக்கப் போகும் எங்கள் அம்மாமார் அட்டைக்குப் பயந்து தினமும் செய்கிற காரியம் அது. ஒன்பதாம் தரத்தில் எங்களை மழைக்காடு பார்க்கக் கூட்டிப்போன அன்று பிள்ளைகள் அத்தனை பேரும் அப்படிப் பூசிக்கொண்டு ஏறியதில் பஸ் முழுக்கத் துணி துவைக்கிற பீலிக்கரை வாசம் அடித்தது. இந்த நாற்றத்துக்குக் காட்டில் இருக்கிற மிருகமெல்லாம் கொழும்புக்கு ஓடிவிடும் என்று விஞ்ஞான சேர் மூக்கைப் பொத்திக்கொண்டு சொல்ல, நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். றொசல்லையிலிருந்து கினிகத்தேனைக்கு இறங்கும் வரை அந்தச் சிரிப்பு ஓயவில்லை.

கினிகத்தேனை எனக்குத் தெரிந்த ஊர். ஒன்பது வயது வரை நான் வளர்ந்ததே அங்கேதான், அப்பா அந்த டவுனில் ஒரு புடவைக் கடையில் வேலைக்கு நின்றார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு ரோட்டில் விளையாடி விளையாடி எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடாகிவிட்டது. கடையை மூடியதும் அம்மாவின் ஊரான தேயிலைத் தோட்டத்துக்கே வந்து, வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகளான லயத்தில் குடியேறினோம். லயத்தில் என்னைத் தவிர எந்தப் பிள்ளைக்கும் ஒழுங்காகச் சிங்களம் வராது. எனக்கிருந்த ஒரே பெருமை அது, அதை நான் தலையில் வைத்து ஆடினேன்.

ஆனால் அதைத் தோட்டத்தில் காட்ட முடியாது. பொலிஸோ, வன அதிகாரியோ, யார் வந்து என்ன கேட்டாலும் லயம் மொத்தமும் ஒரே நொடியில் சிங்களத்தை மறந்துவிடும். கடையில் அரை ராத்தல் பருப்புக்குச் சிங்களத்தில் பேரம் பேசுகிற கிழவர் கூட, காக்கிச் சட்டையைக் கண்டால் தலையைச் சொறிந்துகொண்டு, "சிங்களம் தெரியாதுங்க மாத்தயா" என்பார். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை, எல்லோருக்கும் தெரியும்.

காட்டுப் பயணத்துக்கு மூன்று மாதம் முன்புதான் இந்த மறதி பெரிதாக நடந்திருந்தது. ஏழாம் நம்பர் மலை எல்லையில் ஒரு புலி, அதாவது சிறுத்தைதான், எங்கள் ஊரில் புலி என்றே சொல்வோம், கம்பிக் கண்ணியில் இடுப்பு சிக்கிக் கிடந்தது. ஒன்றரை நாள் உயிரோடு கிடந்தது. நாங்கள் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்று, அது தன் வயிற்றையே கடித்துக் கம்பியை அறுக்கப் பார்த்ததைப் பார்த்தோம். பயத்தை விட வேடிக்கைதான் அதிகம், சில பேர் கையோடு அவித்த கிழங்கு கொண்டு வந்திருந்தார்கள், நானும் ஒரு துண்டு வாங்கித் தின்றேன். மயக்க ஊசிக்காரர்கள் வருவதற்குள் அது செத்துவிட்டது.

கண்ணி பழனியாண்டி மாமாவுடையது. காட்டுப் பன்றிக்காக அவர் போட்டது. எங்கள் மரக்கறித் தோட்டங்களை உழுதுவிட்டுப் போகிற பன்றியை அவர் பிடித்தால், இறைச்சியைக் கூறு போட்டு லயத்தில் எல்லா வீட்டுக்கும் கொடுப்பார், எங்கள் வீட்டுக்கும் வரும், நானும் எலும்பைக் கடித்துத் துப்பியவள்தான். அதிகாரிகள் மூன்று முறை வந்து கேட்டார்கள். மூன்று முறையும் ஊருக்கே சிங்களம் தெரியவில்லை. அம்மா என் தொடையில் கிள்ளி, "வாயத் தொறந்தே, தச்சுப்புடுவேன்" என்றாள்.

பழனியாண்டி மாமாவின் மகள் யோகேஸ்வரி என் வகுப்பு. என் பக்கத்து மேசை, லயத்திலும் அடுத்த அறை, அதாவது அடுத்த காம்பிரா. அப்பாவோடு மலை எல்லையில் திரிந்து வளர்ந்த பிள்ளை, அவள் கண் ஒரு தனிக் கண். காட்டுக்குப் போகும் முன் சேர் ஒரு விஷயம் சொல்லியிருந்தார், அவரவர் பார்த்ததைக் கொப்பியில் எழுத வேண்டும், நன்றாக அவதானித்த ஒரு பிள்ளையைக் கண்டியில் நடக்கும் ஒரு வாரச் சுற்றாடல் பாசறைக்கு அனுப்புவார். ஒரே ஒரு பிள்ளை. கண்டியைப் பார்க்காத நான் அன்றிரவே கண்டிக்குப் போய்விட்டதாக நினைத்துக்கொண்டேன்.

ஆற்றை வள்ளத்தில் கடந்து காட்டுக்குள் நுழைந்ததும் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஈரமும் இருட்டும் சேறும்தான். யோகேஸ்வரிக்கோ ஒவ்வொரு இலையும் ஏதோ ஒன்றைக் காட்டிக் கொடுத்தது. மூக்கில் கொம்பு போலத் துருத்திக்கொண்டிருக்கும் ஓணானை அவள் காட்டினாள். தலைக்கு மேலே சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்த கருமந்திக் கூட்டத்தைக் காட்டினாள். கிளையோடு கிளையாகப் படுத்திருந்த பச்சை விரியன் ஒரு தவளையைப் பின்னங்காலிலிருந்து விழுங்கிக்கொண்டிருந்ததையும் அவள்தான் முதலில் கண்டாள். தவளை கண்ணைத் திறந்தபடி, முன்னங்கையால் இலையைப் பிடித்துக்கொண்டே உள்ளே போனது. ஒரு பிள்ளை அழுதது. எழுதுங்கள் எழுதுங்கள் என்று சேர் விரட்டினார், எழுதினோம்.

எனக்கு வயிறு எரிந்தது. நானும் ஒன்றைக் கண்டுபிடித்தே தீருவதென்று, "சேர், அங்கே பாம்பு" என்று கூவினேன். அது காய்ந்த கொடி. எல்லோரும் சிரித்தார்கள், யோகேஸ்வரியும் சிரித்தாள். அவள் செய்த குற்றம் அவ்வளவுதான். இத்தனை வருடம் நான் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தும் அதற்கு மேல் ஒரு குற்றமும் அகப்படவில்லை.

திரும்பும் வழியில் வன அதிகாரியின் குடிசை. காட்டில் பிடுங்கிய கண்ணிகளை வாசலில் கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டிருந்தார். நல்ல மனிதர், பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பிஸ்கட் கொடுத்தார். அவருக்குத் தமிழ் நாலு வார்த்தை, சேருக்குச் சிங்களம் அதை விடக் கொஞ்சம் கூட, ஆகவே நான் முன்னால் அழைக்கப்பட்டேன். அவர் சொல்ல நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். காய்ந்த கொடியில் போன மானம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது.

அவர் ஒரு கம்பியை எடுத்து, இப்படித்தான் முடிச்சுப் போடுவார்கள் என்று செய்து காட்டினார். பக்கத்தில் நின்ற யோகேஸ்வரி என் காதோடு சொன்னாள். "இப்படிப் போட்டா பன்றி அத்துக்கிட்டு ஓடிரும்டி. எங்கப்பா கிளச் கேபிள்ல ரெண்டு முறுக்கு விட்டுத்தான் போடுவாரு."

அதிகாரி பார்த்துவிட்டார். இந்தப் பிள்ளை என்ன சொல்கிறது என்று என்னிடம் சிங்களத்தில் கேட்டார்.

காம்பிரா வாசலில் தொடையைக் கிள்ளிய அம்மா ஞாபகம் வந்தாள். கண்டியும் ஞாபகம் வந்தது. யோகேஸ்வரி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், லயத்துப் பிள்ளை எது சொல்லும் எது சொல்லாது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. தெரியாமல் வாய் தவறிவிட்டது என்று நான் பல பேரிடம் பல முறை சொல்லியிருக்கிறேன். பொய். நிறுத்தி நிதானமாக, நல்ல சிங்களத்தில், ஒரு சொல் விடாமல் சொன்னேன். எந்தத் தோட்டம் என்று கேட்டார், சொன்னேன். புலி செத்த தோட்டமா என்று கேட்டார், ஆமாம் என்றேன். அவர் கோபப்படவில்லை, என் தலையைத் தடவி, "ஹொந்த லமயா" என்றார். நல்ல பிள்ளை என்று அர்த்தம்.

என்னடி கேட்டாரு என்று யோகேஸ்வரி என் கையை உலுக்கினாள். "ஒனக்கு நல்ல கண்ணாம், சொல்றாரு" என்றேன். அவளுக்கு வெட்கமும் சந்தோஷமும் தாங்கவில்லை, பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தாள்.

மூன்றாம் நாள் காலை, வேலைக்குப் பேர் கொடுக்க எல்லோரும் கூடுகிற பெரட்டுக் களத்துக்கே ஜீப் வந்துவிட்டது. பழனியாண்டி மாமாவைப் பிடித்தவுடன் யோகேஸ்வரி எங்கள் காம்பிராவுக்கு ஓடி வந்தாள். காலில் செருப்பில்லை. "நீ வந்து சொல்லுடி, எங்கப்பா பன்றிக்குத்தான் போட்டாருன்னு. புலி வந்து மாட்டும்னு அவருக்குத் தெரியாதுன்னு சொல்லு. ஒனக்குத்தானே பேச வரும்" என்றாள். நான் எழுந்தேன். அம்மா வாசலை மறித்து நின்றுகொண்டு, அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தே சொன்னாள். "எம்புள்ளைக்கு சிங்களம் வராதும்மா. வேற யாரையாச்சும் பாரு." யோகேஸ்வரி என்னைப் பார்த்தாள். நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றேன், பிறகு அவள் ஓடிவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து நானும் போய்க் கூட்டத்தில் நின்றேன். காட்டில் பிஸ்கட் கொடுத்த அதே அதிகாரிதான். மாமா தனக்கு ஒன்றும் தெரியாது, சிங்களமும் தெரியாது என்று சாதித்துக்கொண்டிருந்தார். அதிகாரி சலித்துப்போய், தனக்குத் தெரிந்த நாலு தமிழ் வார்த்தையையும் திரட்டி, யோகேஸ்வரியைக் கை காட்டிச் சொன்னார். "ஒங்கட மகள் தானே சொன்னது."

மாமா மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதிகாரிக்குத் தமிழ் தெரிந்திருக்கிறது, தான் என் காதோடு சொன்னது அவருக்குக் கேட்டுவிட்டது என்று அவள் நினைத்திருக்க வேண்டும். நான் எட்டடி தூரத்தில் நின்றேன். இல்லை மாமா, நான்தான் சொன்னேன் என்று சொல்ல எனக்குச் சிங்களம் கூடத் தேவைப்படவில்லை. தமிழிலேயே சொல்லியிருக்கலாம். ஜீப் போய், கூட்டம் கலைந்து, கங்காணி எல்லோரையும் மலைக்கு விரட்டும் வரை நின்றேன், சொல்லவில்லை.

மாமா மூன்று மாதம் உள்ளே இருந்தார். திரும்பி வந்தபோது தோட்டத்து வேலைப் பதிவில் அவர் பேர் இல்லை, காம்பிரா மட்டும் மிஞ்சியது. யோகேஸ்வரி அதற்கு முன்பே பள்ளிக்கூடத்தை விட்டு, கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போய்விட்டாள். அவள் இல்லாததால் கண்டிப் பாசறைக்கு நான் போனேன். தவளையைப் பாம்பு விழுங்கியதை அவளுடைய கொப்பியைப் பார்த்துத்தான் எழுதியிருந்தேன், அதை அங்கே எழுந்து நின்று வாசித்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். வெட்கமாக இருந்ததா என்றால், இல்லை, அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வெட்கம் பிறகுதான் வந்தது, வந்தது போகவில்லை.

போன மாதம் ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். நான் இப்போது அங்கே ஒரு காப்புறுதிக் கந்தோரில் வேலை பார்க்கிறேன். ஒளிந்துகொள்ளத்தான் பார்த்தேன், அதற்குள் அவளே வந்துவிட்டாள். தலை கொஞ்சம் நரைத்திருக்கிறது, பேச்சில் அவசரமே இல்லை. எங்கள் லயத்தை இடித்துத் தனித்தனி வீடாகக் கட்டியிருப்பதையும், ஏழாம் நம்பர் மலையைக் கைவிட்டுக் காடு ஏறிவிட்டதையும், இப்போதிருக்கும் பிள்ளைகள் ஆபீஸ்காரர்களிடம் சிங்களத்தில் வெளுத்து வாங்குகிறார்கள், ஒருவரும் சிங்களம் தெரியாதென்று சொல்வதில்லை என்பதையும் பேசினோம். கொழும்பில் இருந்து தனக்கும் நன்றாகச் சிங்களம் வந்துவிட்டது என்றாள். நான் தலையாட்டினேன்.

"நீ அன்னிக்குக் காட்டுல அவருகிட்ட சொன்னது, அந்தச் சத்தம் அப்படியே காதுல கெடந்துச்சுடி" என்றாள். "ஒரு நா பாத்திரம் கழுவிக்கிட்டு இருக்கேன், ஒன்னொன்னா எல்லாம் புரிஞ்சிருச்சு."

அவள் திட்டுவாள் என்று நின்றேன், திட்டினால் தேவலை என்று கூட இருந்தது. அவள் பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டாள்.

"அப்பா கடைசி வரைக்கும் என் கையால தேத்தண்ணி வாங்கிக் குடிக்கல. பெத்த புள்ளையே காட்டிக் குடுத்திருச்சுன்னுதான் போனாரு. எனக்கு இது புரிஞ்சப்ப அவரு செத்து ஒரு வருசம்."

தலவாக்கலை பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். லயம் இல்லை, மலை இல்லை, அந்தப் பெரட்டுக் களத்தில் இப்போது பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடுகிறார்கள். அதெல்லாம் போனதில் எனக்கு ஒன்றுமில்லை. நான்தான் சொன்னேன் மாமா என்று சொல்ல ஒரே ஒரு ஆள் இருந்தார், அவர் பத்து வருடம் எங்கள் அடுத்த காம்பிராவில்தான் இருந்தார்.