எந்தக் கூட்டம், ஆயா?

எனக்கு எழுபத்திரண்டு வயது. நான்கு பிள்ளைகளை வளர்த்தேன், மூன்று ஆண், ஒரு பெண். ஒருவரும் குடியைத் தொட்டதில்லை. எங்கள் ஊர் அடி அண்ணாமலையில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். குடித்தவள் நான்.

கூலிக்கு நடவு நட்ட காலத்தில், இடுப்பு வலிக்கு நல்லது என்று என் வீட்டுக்காரர் ஒரு மூடி சாராயம் ஊற்றிக் கொடுத்தார். அவர் போன பிறகு மூடி டம்ளர் ஆயிற்று. யாரிடம் சொல்லி வாங்கினேன் என்று எழுத மாட்டேன், அவர்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது. வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

பிரசவத்துக்கு வந்திருந்த பேத்தியின் குழந்தையை ஒருநாள் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நடந்தேன். மலை மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது. சாய்ந்தது மலை இல்லை. சுவரில் முதுகு மோதி நின்றேன். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, தூக்கம்கூடக் கலையவில்லை. ஆயாவுக்கு மயக்கம் என்று மருமகள் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்தாள். அதையும் வாங்கிக் குடித்தேன். அதன் பிறகு குழந்தையை நான் தூக்கவில்லை. கேட்டால் கை வலி என்றேன்.

ரேஷன் கடைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. முதியோர் பள்ளியில் படித்த எழுத்துதான் எனக்கு. 'குடியை நிறுத்த' என்று கூட்டிக் கூட்டிப் படித்தேன். 'கூட்டம்', 'ஞாயிறு', 'செங்கம் ரோடு' என்றும் இருந்தது. மீதியை ஆடு தின்றிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஷேர் ஆட்டோவில் போய் செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் இறங்கினேன். இளநீர்க்காரர் ஒருவரைக் கேட்டேன்.

"இங்க கூட்டம் எங்கப்பா நடக்குது?"

"எந்தக் கூட்டம் ஆயா? தெருவுக்கு நாலு நடக்குது இங்க."

"ஞாயித்துக்கெழம நடக்குமே."

"சும்மா உக்காந்துனு இருப்பாங்களே, அதுவா?"

தாளில் இருந்த முதல் வார்த்தை என் வாயில் வரவில்லை. "அதான்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் காட்டியது ஒரு மாடி வீடு. மேலே கீற்றுக் கொட்டகை. வெள்ளைக்காரர்கள் முப்பது பேர் இருக்கும், நம் ஊர்க்காரர்களும் சிலர், எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பாவம், அவர்கள் ஊரிலும் குடி ஜாஸ்திதான் போல என்று நினைத்துக்கொண்டேன். நானும் ஓரமாக உட்கார்ந்து கண்ணை மூடினேன்.

எங்கோ மயில் அகவியது. மின்விசிறி சுற்றச் சுற்ற நான் சேற்றில் இறங்கிக்கொண்டிருந்தேன். முழங்கால் வரைக்கும் தண்ணீர். தண்ணீரில் மலை தலைகீழாக நின்றது. நாற்றைக் குத்தும்போதெல்லாம் மலை கலைந்து, கையை எடுத்ததும் பழையபடி கூடியது. வலியே இல்லை. யாரும் மூடியை நீட்டவும் இல்லை. அத்தனை லேசாக நான் இருந்து எத்தனையோ வருஷம் ஆகிறது.

மணி அடித்துக் கண் திறந்தால் எல்லோரும் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். பாய் சுருட்ட வந்த பெண்ணை மெதுவாகக் கேட்டேன்.

"குடிய வுடறதுக்கு அவ்ளோதானாம்மா?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஐயோ ஆயா, இவங்க தியானம் பண்றவங்க. நீங்க சொல்றது ரெண்டு தெரு தள்ளி, பள்ளிக்கூடத்துல. எங்க வூட்டுக்காரரும் அங்கதான் போறாரு. இப்பதான் ஆரம்பிச்சிருப்பாங்க, ஓடுங்க. புள்ளைக்கா ஆயா?"

செருப்பைத் தேடினேன்.

பள்ளிக்கூடத்து வாசலில் நின்றவரும் அதையே கேட்டார். "புள்ளைக்காக வந்தீங்களா? குடும்பத்துக்காரங்க பக்கத்து ரூம்ல ஆயா." போய்ப் பெண்களோடு உட்கார்ந்தேன். அங்கேயே இருந்திருக்கலாம். ஒருத்தி என் முழங்காலைத் தொட்டு, "புள்ள எத்தினி வருஷமா குடிக்கிறாரு?" என்றாள்.

என் பெரியவன் நினைவுக்கு வந்தான். கல்யாண வீட்டில் சோடா கொடுத்தாலும் பாட்டிலைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் குடிக்கிறவன். அவனைப் போய்க் குடிகாரன் என்று நான் சொல்வதா?

"எம் புள்ளைங்கள அப்படிச் சொல்லாத. எங்க வூட்ல குடிக்கிறது நான்தான்."

அந்தப் பெண்ணே என் கையைப் பிடித்து அடுத்த அறைக்குக் கூட்டிப் போனாள். வாசல்காரர் திகைத்துப்போய், "நீங்களா ஆயா?" என்றார்.

"ஏன், ஒங்களுக்கு மட்டும் பட்டா போட்டுக் குடுத்திருக்கா?"

உள்ளே இருந்த ஆண்கள் சிரித்தார்கள். ஒருவர் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார்.

அது நடந்து ஏழு ஞாயிறு ஆயிற்று. நடுவில் ஒருநாள் தவறிக் குடித்துவிட்டேன், அதையும் அங்கே சொன்னேன். வீட்டில்தான் சொல்லவில்லை, கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுப் போகிறேன். வாயால் சொல்ல வராததை எழுதிப் பாருங்கள் என்று அங்கே ஒரு பெரியவர் சொன்னார். பேத்தியின் பழைய நோட்டில் மூன்று வாரமாக எழுதுகிறேன். பிழை இருக்கும். இன்றைக்குப் பேத்தியைக் கூப்பிடப் போகிறேன்.

கண்ணு, கொழந்தைய உங்கம்மா கையில குடுத்துட்டு இப்படி வந்து உக்காரு. ஆயா எழுதினத படிச்சிக் காட்டு. சத்தமா படி, உங்கம்மாவுக்கும் கேக்கட்டும். நடுவுல நிறுத்தாத.