கருப்புக் கண்ணாடி போட்ட பதினைந்து நாள்

ஆம்பூரில் ஒரு ஷூ ஃபேக்டரியில் நான் க்ளோசிங் லைன் சூப்பர்வைசர். ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கும் இடம் அது. முப்பது மெஷின், முப்பது பெண்கள். ஒரு நாள் மேனேஜர் கூப்பிட்டு, இந்த மாதத்துக்குள் தையல் கோணி ரிஜெக்ட் ஆவது குறையாவிட்டால் என்னைப் பேக்கிங்குக்கு மாற்றிவிடுவதாகச் சொன்னார். இருபது வருடம் தையல் பார்த்தவனை அட்டைப்பெட்டி ஒட்ட அனுப்புவதா? அவமானமாக இருந்தது.

என் மேற்பார்வை போதவில்லை என்று முடிவு செய்தேன். ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் போய் நின்று முறைத்தேன். ரிஜெக்ட் இன்னும் ஏறியது.

அந்த நேரம் பார்த்து வேலூரில் எனக்குக் கண்புரை ஆபரேஷன். அதிக நாள் லீவு கேட்கப் பயம். நாலாம் நாளே கருப்புக் கண்ணாடியோடு வந்து லைன் முனையில் உட்கார்ந்துவிட்டேன். நான் யாரைப் பார்க்கிறேன் என்று யாருக்கும் தெரியாது. பேச்சில்லை, சிரிப்பில்லை, மெஷின் சத்தம் மட்டும். கண்ணாடி இருட்டு, ஃபேன் காற்று. பத்து மணிக்கெல்லாம் அசந்துவிடுவேன். டீ பெல்தான் எழுப்பும்.

ரிஜெக்ட் பாதியானது. மேனேஜரே நேரில் வந்து, "இன்னா சார் பண்ணீங்க?" என்று கேட்டார்.

"எல்லார் மேலயும் ஒரு கண்ணு வச்சிருக்கேன் சார்" என்றேன், வெட்கமே இல்லாமல்.

பதினைந்தாம் நாள் டாக்டர் கண்ணாடியைக் கழற்றச் சொன்னார். மறுபடி ரவுண்டு, மறுபடி முறைப்பு. ரிஜெக்ட் பழையபடி ஆனது. மாதம் முடிய நாலு நாள் இருக்கும்போது முதல் மெஷின் மல்லிகா தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள்.

"சார், அந்தக் கண்ணாடிய மறுபடி போட்டுக்குங்க."

"ஏம்மா, அதப் போட்டாத்தான் பயம் வருதா?"

"பயம் இல்ல சார். நீங்க தூங்கறது மொத நாளே தெரிஞ்சுபோச்சு, வாய் தொறந்துடும். முழிச்சிட்டா பின்னாடி வந்து நிப்பீங்க, எங்களுக்குக் கை நடுங்கும். எழுப்பிடக் கூடாதுன்னுதான் யாரும் பேசாம தச்சோம்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். அன்று பார்த்துத் தூக்கம் வரவில்லை. வாயை மட்டும் திறந்து வைத்துக்கொண்டேன். மாதக் கடைசியில் பேக்கிங் பேச்சு நின்றுபோனது.

புதிதாக சூப்பர்வைசர் ஆகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: நீங்கள் முப்பது பேரைப் பார்ப்பதைவிட, அந்த முப்பது பேர் உங்களை நன்றாகப் பார்க்கிறார்கள்.

நான் ரிட்டயர் ஆன அன்று லைன் சார்பில் ஒரு தலையணை கொடுத்தார்கள். உறை அவர்களே தைத்தது. பழக்க தோஷத்தில் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு தையல்கூடக் கோணவில்லை.