ஏ.ஆர்.பி.யை மறந்த மத்தியானம்

வாளையார் ரோட்டில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியின் நெட்வொர்க்கை அப்போது நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐசியுவில் ஆறு கட்டில்கள். ஒவ்வொரு கட்டிலின் மானிட்டரும் நாடித்துடிப்பை நர்ஸ் மேசையில் உள்ள பெரிய திரைக்கு அனுப்பும். பக்கத்து அறையில் ரத்தப் பரிசோதனை செய்யும் பழைய மிஷின் ஒன்று, வேறொரு புரோட்டகாலில், அதாவது வேறொரு பேச்சுமுறையில், ஓயாமல் தகவல் அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த நெரிசலில் திரை அடிக்கடி திணறியது.

இரண்டும் ஒரே கேபிளில் வந்து ஸ்விட்ச் என்ற இணைப்புப் பெட்டியின் ஒரே போர்ட்டில் சேர்ந்தன. போர்ட்டை வைத்துப் பிரிக்க முடியாது. ஆகவே எந்தப் புரோட்டகால் என்று பார்த்து ஸ்விட்சே பிரிக்கட்டும் என்று முடிவு செய்தேன். மானிட்டர்கள் பேசும் ஐ.பி. புரோட்டகால் ஒரு விலானுக்கு, அதாவது ஒரு தனிப் பாதைக்கு, பழைய மிஷின் இன்னொரு விலானுக்கு. ஒரே ஸ்விட்சுக்குள் தடுப்பு வைத்தது மாதிரி, இதில் போவது அதில் கலக்காது.

"ஏங்கண்ணு, நோயாளிகள வெச்சுக்கிட்டே பண்ணோணுமா? ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?" என்றார் தலைமை நர்ஸ் அக்கா.

"ஒண்ணும் ஆகாதுங்கக்கா. டீ ஆறதுக்குள்ள முடிஞ்சுரும்."

எனக்கு எப்போதும் வாய் கொஞ்சம் நீளம். சொன்னபடியே முடித்தேன். திரையில் கட்டிலுக்கு ஒன்றாக ஆறு வரிசையும் திணறாமல் ஓடின. பெருமையோடு டீயைக் குடித்தேன்.

கால்மணி நேரம் போயிருக்கும். திரையில் நாலாவது வரிசை நின்றது. பிறகு இரண்டாவது. பிறகு ஒவ்வொன்றாக எல்லாமே.

கட்டிலருகே அலாரம் அலறினால் வெளியே இருக்கும் சொந்தக்காரர்கள் பயந்து கதவை இடிக்கிறார்கள் என்று மானிட்டர்களின் சத்தத்தை அங்கே குறைத்து வைத்திருந்தார்கள். அலாரம் என்றால் இந்தத் திரை மட்டும்தான். அதைத்தான் நான் ஊமையாக்கிவிட்டேன்.

"நீ அதப் பாரு, நா ஆளுகளப் பாக்கறேன்!" என்று அக்கா உள்ளே ஓடினார்.

முதலில் வேலை செய்தது எப்படி நின்றது? அப்போதுதான் உறைத்தது. ஐ.பி.யில் பேசுவதற்கு முன், 'இந்த முகவரி யாருடையது?' என்று மிஷின்கள் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளும். அந்தக் கேள்வி ஏ.ஆர்.பி. என்ற தனிப் புரோட்டகால். அதை நான் சேர்க்கவே இல்லை. பழைய பதில் நினைவில் இருந்தவரை ஓடியது. நினைவு தீர்ந்து மறுபடி கேட்டபோது, கேள்வி வேறு விலானுக்குப் போய்விட்டது.

"டாக்டரக் கூப்புடுங்க! நாலுக்கு நாடி எறங்குது!" உள்ளிருந்து அக்காவின் குரல்.

சேர்க்க வேண்டியது ஒரே வரி. இரண்டு முறை தப்பாக அடித்தேன். இந்த மனுஷன் செத்தால் நான்தான் கொன்றேன் என்ற நினைப்பைத் தவிர மண்டையில் வேறெதுவும் இல்லை. மூன்றாவது முறை சரியாக விழுந்தது. வரிசைகள் திரும்பி வந்தன. நாலாவதும் வந்தது, மிக மெதுவாக. டாக்டர் ஊசி போட்ட பிறகுதான் துடிப்பு மெல்ல ஏறியது.

வெளியே வந்தபோது நாலாவது கட்டில்காரரின் மகள் என்னைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"நீங்கதான் கம்ப்யூட்டரச் சரி பண்ணுனீங்களாமுங்க. அப்பாவக் காப்பாத்திட்டீங்க."

தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். யாருக்கும் தெரியாது.

"நான்தானுங்க கெடுத்தேன். அக்கா ஓடலீன்னா உங்கப்பா இல்லீங்க."

அவள் கையை இறக்கினாள். ஐசியு கதவுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள்.