அக்கா இல்லாத மலை

இலங்கை மலையகத்தில், நோர்வூட் பக்கம் பழைய துரை பங்களா ஒன்றை ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்கள். அதன் சாப்பாட்டு மண்டபத்துச் சுவரை முழுசாக அடைக்கிற மாதிரி ஒரு தேயிலை மலைப் படம் வேண்டும் என்று மேனேஜர் என்னிடம் கேட்டார். ஹட்டனில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்து, கல்யாணமும் சடங்கும் படம் எடுத்துப் பிழைக்கிறவன் நான். தலைகால் புரியவில்லை. எந்த மலை என்று யோசிக்கவே இல்லை. என் அக்கா கொழுந்து பறிக்கிற மலைதான்.

சொன்னதும் அக்காவுக்கு என்னைவிடக் குஷி.

“எத்தன வெள்ளக்காரங்க ரோட்டுல வேனை நிப்பாட்டிட்டு என்னைய போட்டோ புடிச்சிட்டுப் போயிருக்காங்க தெரியுமா? ஒண்ணையாச்சும் எங்கண்ணுல காட்டியிருக்காங்களா? கொழுந்து எடுக்கையில நான் எப்பிடி இருப்பேன்னு எனக்கே தெரியாது தம்பி. நீயாச்சும் காட்டு.”

அவள் சொன்னது நிஜம். கல்யாண ஆல்பம் வீட்டில் இருக்கிறது. மலையில் நிற்கிற படம் ஒன்றுகூட இல்லை. எந்தெந்த நாட்டு வீடுகளிலோ இருக்கும், எங்கள் லயத்து வீட்டில் இல்லை. கட்டாயம் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

இந்த மாதிரிப் படத்தை ஒரே அமுக்கில் எடுக்க முடியாது. கிட்டே இருக்கிற இலை தெளிவாக விழுந்தால் தூரத்து மலை மங்கிப்போகும். வானம் ஒழுங்காக வந்தால் செடியின் அடி கரியாகிவிடும். அதனால் கேமராவை ஸ்டாண்டில் அசையாமல் நிறுத்தி, கிட்டத்துக்கு ஒன்று, நடுவுக்கு ஒன்று, தூரத்துக்கு ஒன்று, பிறகு அவற்றையே வெளிச்சம் கூட்டியும் குறைத்தும் எடுத்து, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு படத்திலும் எந்த இடம் நன்றாக இருக்கிறதோ அதை மட்டும் அது பொறுக்கிக்கொள்ளும். எங்கள் ஊர்ப் பனி சும்மா விடுமா? விலகும்போது நாலு எடுப்பேன், மூடியதும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன்.

“அக்கா, கொஞ்சம் ஆடாம நில்லேன்!” என்று கத்தினேன்.

“நிக்கிறதா? கூடை நெறையலன்னா அரைப்பேருதான் போடுவாங்க. மீதிச் சம்பளத்த நீயா குடுப்ப?”

பக்கத்து நிரையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தியின் கையும் நிற்கவில்லை. பறித்துக்கொண்டே மேலே மேலே போனார்கள். அவர்களை வேலை வாங்குகிற கங்காணி மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நட்டு வைத்த கம்பம் மாதிரி நின்றார். படம் பிடிக்கிறார்கள் என்றதும் மனிதர் மூச்சுகூட விட்டிருக்க மாட்டார்.

ஸ்டூடியோவுக்கு வந்து படங்களைச் சேர்த்தேன். ஆட்கள் நகர்ந்துகொண்டே இருந்ததால் அங்கங்கே புகை மாதிரி இழுபட்டிருந்தது. அசைந்ததைச் சுத்தப்படுத்த சாஃப்ட்வேரில் ஒரு வசதி உண்டு. அதைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்து திரையைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. வேறு எதையோ திறந்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். கிட்டத்து இலையில் பனித்துளி, தூரத்து மலையில் மரம், எல்லாம் பளிச்சென்று இருக்கிறது. மனுஷி ஒருத்திகூட இல்லை! அக்கா நின்ற இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தேயிலைச் செடி. இன்னும் பெரிதாக்கினேன். செடியேதான். எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருப்பதை வைத்துக்கொண்டு, இடம் மாறியதையெல்லாம் குப்பை என்று தள்ளிவிட்டிருக்கிறது. வேலை செய்த அத்தனை பேரும் போய்விட்டார்கள். கங்காணி மட்டும் சட்டைப்பைப் பேனா தெரிகிற அளவுக்குத் துல்லியமாக நிற்கிறார். நாசமாய்ப் போன மெஷினே என்று வாய்விட்டுத் திட்டினேன்.

அந்த நேரம் பார்த்தா மேனேஜர் உள்ளே வர வேண்டும்? திரையைப் பார்த்தவர் அப்படியே சொக்கிப்போனார். எவ்வளவு அமைதியாக இருக்கிறது, இதுதான் வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னார். ஐயா, ஆட்கள் அழிந்துபோய்விட்டார்கள், வேலை இன்னும் முடியவில்லை என்றேன். பரவாயில்லை என்றவர், கங்காணியைக் காட்டி, இவரையும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டார்.

எனக்கு வந்தது பாருங்கள் கோபம்! கொழுந்து தானாக நடந்தா ஃபேக்டரிக்குப் போகிறது என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கத்தினேன். ஆட்களோடுதான் தருவேன், இல்லையென்றால் படமே கிடையாது என்றேன். அவர் மிரண்டுபோய், சரி சரி, உன் இஷ்டம் என்று கிளம்பினார்.

அதன்பிறகு தனித்தனிப் படங்களிலிருந்து ஒவ்வொருத்தியாகக் கொண்டுவந்து சேர்த்தேன். அக்காவுக்கு மட்டும் தனிக் கவனம். மூக்குத்திகூட மின்னுகிற மாதிரி செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா சாமான் வாங்க டவுனுக்கு வந்தாள். வேடிக்கைக்காக முதலில், மெஷின் எல்லோரையும் அழித்துவிட்ட கதையைச் சொல்லி, அந்தப் படத்தைக் காட்டினேன்.

“அய்யய்யோ, கங்காணி தனியா நிக்கிறாரே! இன்னைக்கி யார வெரட்டுவாரு?” என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

அடுத்து உண்மையான படத்தைத் திறந்தேன். அக்கா திரைக்குக் கிட்டே வந்து ஒவ்வொரு முகமாகப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தாள். நடுவில் ஓரிடத்தில் விரல் நின்றது.

“இந்தக் கெழவி யாருடா? நம்ம மலையில நான் பாத்ததே இல்லியே.”

விரலுக்கு அடியில் அந்த மூக்குத்தி மின்னியது. என் முகத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிட்டது. திரும்பவும் குனிந்து பார்த்தாள்.

“இம்புட்டு கூனியா போயிட்டேன்? ஏண்டா ஒருத்தரும் சொல்லல?”

“அக்கா, அது கூடை பாரம்…”

“சாப்புட வாரவங்கல்லாம் பாப்பாங்க. வேணாம் தம்பி. எதை அமுக்குனா நான் போவேன்? காட்டு, நானே அமுக்குறேன்.”

நான் கீபோர்டை இரண்டு கையாலும் மூடிக்கொண்டேன்.