சாமி காட்டில் வெறுங்காலோடு

சித்தேரி மலையைச் சுற்றிவரும் இரண்டு நாள் நடைக்கு நான் எழுதிய பட்டியலில் தண்ணீரும் பேட்டரியும் ஒவ்வொரு ஏற்றத்துக்கான நேரமும் இருந்தன. இரண்டாம் நாள் மாலை நான்கு மணிக்குள் ஊர் திரும்பினால்தான் அரூருக்குக் கடைசி பஸ் கிடைக்கும். கூட வந்த தோழிக்கு மறுநாள் காலை நேர்காணல்.

அந்த இரண்டாம் நாள் மதியம் பாதை ஒரு கோயில் காட்டுக்குள் நுழைந்தது. அங்கே விறகு கட்டிக்கொண்டிருந்த பெண் எங்கள் ஷூவைப் பார்த்தார்.

"இது சாமி காடுங்க. கழட்டிட்டுப் போங்க."

"எவ்ளோ தூரங்கக்கா?"

"கொஞ்ச தூரந்தானுங்க."

கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டோம். பாறை சுட்டது, இடையிடையே முள். பத்து நிமிடம் என்று நினைத்தது முக்கால் மணி நேரம் ஆனது. விறகுச் சுமையோடு அவர் எங்களைத் தாண்டிப் போனபோது, "இப்பிடி முட்டை மேல நடக்குற மாதிரி நடந்தா எப்பங்க போய்ச் சேருவீங்க?" என்றார். பஸ்ஸைப் பற்றிச் சொன்னேன். தலையாட்டிவிட்டு நடந்தார்.

நாங்கள் போய்ச் சேரும்போது நாலேகால். பஸ் நின்றுகொண்டிருந்தது.

"முட்டை மேல நடக்குற ரெண்டு பொண்ணுங்க நீங்கதானா?" என்றார் கண்டக்டர். "ஏறுங்க."

தோழி உட்கார்ந்ததும் தூங்கிவிட்டாள்.