சின்னம்மாவுக்குப் பிடிக்காத மாப்பிள்ளை

சின்னம்மாவைப் பார்க்க அந்த மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வரவில்லை. கோப்பன்ஹேகனில் உள்ள ஒரு மியூசியத்துக்குச் சின்னம்மாவை வரச் சொன்னார். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அவரின் தங்கையான சின்னம்மாவுக்கு முப்பத்தைந்து வயதாகிவிட்டிருந்தது. பிடிக்கவில்லை என்று சொல்லும் நிலையில் எங்கள் வீட்டில் அப்போது எவரும் இல்லை. தனியாகப் போனால் சனம் கதைக்கும் என்று எட்டு வயதுச் சிறுமியான என்னையும் கூட அனுப்பினார்கள்.

டென்மார்க்கின் மேற்கிலுள்ள எங்கள் ஊரான ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து ரயிலில் நாலு மணி நேரம். சின்னம்மா முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர். சேலை உடுப்பது எப்போதாவதுதான். அன்று உடுத்திருந்தார். மியூசிய வாசலில் குளிர்ச் சப்பாத்தைக் கழற்றி, பையில் கொண்டுவந்த செருப்பை மாட்டிக்கொண்டார்.

உள்ளே முதல் மண்டபத்திலேயே உடுப்பில்லாத பளிங்கு மனிதர்கள் வரிசையாக நின்றார்கள். என் கண்ணைப் பொத்துவதா தன் கண்ணைப் பொத்துவதா என்று தெரியாமல் சின்னம்மா சேலைத் தலைப்பை இழுத்து இழுத்துவிட்டார். அங்கே காத்திருந்த மாப்பிள்ளை அதைக் கண்டு சிரித்துவிட்டார். "தமிழ் ஆக்கள் ஒருத்தரும் வராத இடம் எண்டுதான் இங்கை வரச் சொன்னனான்" என்றார். சின்னம்மாவும் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதிகம் கண்டதில்லை.

மாப்பிள்ளை எனக்கு டேனிஷ் மொழியில் ஒவ்வொன்றாக விளக்கினார். நூற்றைம்பது வருடங்களுக்கு முந்தைய சிலைகளாம். முதலில் களிமண்ணில் செய்து பார்த்து, பிறகுதான் கல்லைத் தொடுவார்களாம். என்னோடு அவ்வளவு பொறுமையாகக் கதைத்த பெரியவர்கள் குறைவு. கஃபேயில் எங்களுக்குக் கேக் வாங்கித் தந்தார். எனக்கு ஒரு பென்சிலும் கடதாசியும் கொடுத்து, கொஞ்சம் தள்ளியிருந்த சிலையை வரையச் சொன்னார். அது பாறையில் தலைசாய்த்து உறங்கும் ஒரு பெண். கால் விரல்கள் மட்டும் எனக்கு வரவேயில்லை.

காட்டுவதற்காகத் திரும்பி வந்தபோது மாப்பிள்ளை தாழ்ந்த குரலில் கதைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்களே வேண்டாம் எண்டு சொல்லிவிடுங்கோ. நான் சொன்னால் என்ரை அம்மா தாங்கமாட்டா."

சின்னம்மாவின் கேக் தொடப்படாமல் இருந்தது. அதைப் பற்றித்தான் ஏதோ சொல்கிறார் என்று நினைத்தேன். "ஓம், சொல்லுறன்" என்றார் சின்னம்மா. மாப்பிள்ளை எழுந்து, என் படத்தைப் பாராட்டிவிட்டுப் போய்விட்டார்.

ரயிலுக்கு நேரமிருந்தது. வந்ததற்குப் படங்களையாவது பார்ப்போம் என்றார் சின்னம்மா. அறை அறையாக நடந்தோம். குதிரைகள், பிரபுக்கள், பால் கறக்கும் பெண்கள். ஒரு பெரிய படத்தின் முன் நின்றுவிட்டார். காற்று வீசும் கரையில் சில பெண்கள் கடலைப் பார்த்தபடி நின்றார்கள்.

"ஆரைப் பாத்துக்கொண்டு நிக்கினம் எண்டு எழுதியிருக்கோ?"

நான் வாசித்தேன். யுட்லாந்துக் கடற்கரை என்று மட்டும்தான் இருந்தது. அதைச் சொன்னேன். சின்னம்மா தலையாட்டிவிட்டு வாங்கில் உட்கார்ந்தார். முகத்தைச் சேலையால் துடைக்காமல் கோட்டின் கையால் துடைத்தார். காவலாளி வந்து மூடும் நேரம் என்று சொல்லும்வரை அங்கேயே இருந்தோம்.

வீட்டில், கோட்டைக் கழற்றுமுன்பே அம்மா கேட்டார். "எனக்கு அவரைப் பிடிக்கேல்லை அக்கா" என்றார் சின்னம்மா. உனக்கு இனி ஆர் வரப்போறான் என்று அம்மா அழுதார். அப்பா எழுந்து போனார். பிறகு பல மாதங்கள் லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் சொந்தக்காரர்கள் தொலைபேசியில் சின்னம்மாவின் திமிரைப் பற்றிக் கதைத்தார்கள்.

மாப்பிள்ளைக்கு அப்போதே ஒரு டேனிஷ் மனைவியும் கைக்குழந்தையும் இருந்ததை, என் கல்யாணப் பேச்சு வந்தபோதுதான் சின்னம்மா எனக்குச் சொன்னார். ஏன் அந்தப் பழியை நீங்கள் ஏற்றீர்கள் என்று கேட்டேன். "பாவமாய்க் கிடந்தது" என்றார். இப்போது சின்னம்மா சில்க்போர்க் நகரில் தனியாக இருக்கிறார்.

அந்தச் சின்ன வயதில், சின்னம்மா என் அறையில்தான் படுப்பார். கல்யாணம் நடந்தால் அந்தக் கட்டில் வெறுமையாகிவிடுமே என்று பல நாட்களாக எனக்குப் பயம். அன்று அம்மாவிடம் பிடிக்கவில்லை என்று அவர் சொன்னதும் ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். சின்னம்மாவும் என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டார், வெகுநேரம் விடவேயில்லை. அவருக்கும் என்னைப்போலவே சந்தோஷம் என்றுதான் நினைத்தேன்.