மண் பிள்ளைக்கு ஒரு பொட்டு

அருங்காட்சியகக் காவல் என்றால் பொருள்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்று நினைத்திருந்தேன். உண்மையில் அது பேசாமல் நிற்கும் வேலை. கால்கடுக்க நின்று சம்பளம் வாங்கும் சகோதர சகோதரிகளே, உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? பேர்லினில் எனக்குக் கிடைத்த அறையில் பழைய மெக்சிக்கோவின் சுடுமண் உருவங்கள்: பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாய், சோளம் அரைக்கும் பெண், ஆட்கள் நிறைந்த ஒரு குட்டி வீடு. விளக்கம் சொல்வது வழிகாட்டியின் வேலை. ப்ரோபெசைட் என்கிற ஆறு மாதச் சோதனைக் காலத்தில் நான் வாய் திறந்தால் வேலை போய்விடும். யாழ்ப்பாணத்துக்காரியிடம் போய் இப்படி ஒரு நிபந்தனை!

அழாத பிள்ளை

ஓர் இளம் ஜெர்மன்காரர், நெஞ்சில் கட்டிய கைக்குழந்தையோடு வந்தார். குழந்தை வீறிட்டு அழுதது. அவர் தூங்கிப் பல நாளாகியிருக்கும், முகமே சொன்னது. மண் தாயின் முன்னால் வெகுநேரம் நின்றார். எனக்குப் பாவமாக இருந்தது. கடைசியில் என்னிடம் வந்து கிசுகிசுத்தார்: "அந்தப் பிள்ளை எப்படி இவ்வளவு அமைதியாக இருக்கிறது? அவன் அம்மாவிடம் கொஞ்சம் கேட்டுச் சொல்வீர்களா?"

மாடி வீடு

நொய்கெல்ன் முருகன் கோயிலில் பழக்கமான மனோ அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். குட்டி வீட்டைக் குனிந்து பார்த்தார். மேல்தட்டில் ஆட்கள் சாய்ந்திருந்து பேசுகிறார்கள், கீழே அடுப்படி வேலை நடக்கிறது. அக்கா நிமிர்ந்தார். "ஆம்பிளையள் மேலை இருந்து கதைக்கினம், பொம்பிளையள் கீழை நிண்டு சமைக்கினம். எங்கட கோயில் மண்டபத்தை ஆர் இங்கை கொண்டுவந்து வைச்சது?"

கண்ணாடியில் ஒரு புள்ளி

அதோடு போயிருக்கலாம். அக்கா தாயும் பிள்ளையும் இருந்த கண்ணாடிப் பெட்டிக்குப் போனார்.

"எத்தினை சனம் பாக்குது, பிள்ளைக்குக் கண் படாதே?" என்று கைப்பையிலிருந்து புருவம் தீட்டும் பென்சிலை எடுத்து, பிள்ளையின் கன்னத்துக்கு நேரே கண்ணாடியில் கறுப்பாக ஒரு பொட்டு வைத்தார்.

"அக்கா, என்ர வேலை போகப்போகுது!"

"ஒண்டும் போகாது. நான் வாறன், தங்கச்சி."

துடைக்கத் துணி எடுப்பதற்குள் மேலதிகாரி அம்மா வந்துவிட்டார். சோதனைக் காலம் முடிய ஒரு கிழமைதான் இருந்தது. "இது என்ன?" என்று கேட்டார்.

ஏதோ பொடியன் கிறுக்கியது என்று சொல்லித் தப்பியிருக்கலாம். இந்த வாய் கேட்டால்தானே! கண்ணேறு என்றால் என்ன, பார்க்கிறவர் கண் ஏன் முதலில் பொட்டில் விழ வேண்டும், அதை ஏன் கன்னத்தில் வைக்கிறோம் என்று எல்லாவற்றையும் ஜெர்மனில் கொட்டித் தீர்த்தேன். முடித்துவிட்டுத் திரும்பினால், பின்னால் ஒரு கூட்டமே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறது. தொலைந்தேன் என்று நினைத்தேன்.

கூட்டம் கலையும்வரை மேலதிகாரி காத்திருந்தார். பிறகு தொலைபேசியை எடுத்துக் காட்டினார். கொழுகொழுவென்று ஒரு பேரன். "என் மகள் இவன் படத்தை நாள் முழுக்க இணையத்தில் போடுகிறாள். பொட்டை இவன் கன்னத்தில் வைக்க வேண்டுமா, தொலைபேசிக் கண்ணாடியிலா?"

அந்த மாதமே வேலை நிரந்தரமாகிவிட்டது. நான் துடைத்த இடத்தில் இப்போதும் அடிக்கடி ஒரு பொட்டு முளைக்கிறது, ஆனால் அதை வைப்பது யாரென்று, அந்த அறையின் காவலாளியாகச் சொல்கிறேன், எனக்குச் சத்தியமாகத் தெரியாது.